திருநள்ளாற்றைத் தேடும் சொற்கள்

2025 மார்ச் மாதம் தமிழர்கள் பலரின் கைப்பேசியில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. மார்ச் 29ஆம் தேதி சனிப்பெயர்ச்சி உண்டா, இல்லையா? திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போகும் நாள் அது. ராசிபலன் சொல்பவர்கள் அந்தத் தேதியைத்தான் சொல்லிவந்தார்கள். ஆனால் சனி பகவானுக்குப் பேர்போன திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கத்தை. அந்தக் கணக்கில் பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான். இந்த ஆண்டு பெயர்ச்சி விழா கிடையாது என்று கோயில் நிர்வாகமே அறிவிக்க வேண்டியதாயிற்று.

சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. 12 ராசிக்கும் பகிர்ந்தால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. வாக்கியம் பழைய சூத்திரங்களின் வழியே போகிறது, திருக்கணிதம் இன்றைய கிரகநிலை அளவீடுகளை எடுத்துக்கொள்கிறது. அதனால் மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. எதைப் பின்பற்றுவது என்பது அவரவர் மரபு. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தத் தேதியை மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பது மட்டுமே.

சேலத்திலிருந்து ரயில் டிக்கெட் போடலாமா என்று யோசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் தட்டுவது 'சனிப்பெயர்ச்சி 2025 திருநள்ளாறு' என்ற மூன்று சொற்கள். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படும் பக்கம், '2025இல் பெயர்ச்சி இல்லை' என்று சொல்லும் பக்கம். அது அவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் அதற்குள் '2025' இருக்க வேண்டும், 'சனிப்பெயர்ச்சி' இருக்க வேண்டும், எழுத்தாகவே இருக்க வேண்டும். 'பஞ்சாங்க நடைமுறை குறித்த அறிவிப்பு' என்று தலைப்பிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து படமாக ஏற்றினால் அந்தக் குடும்பத்துக்கு அது கிடைக்காமலே போகலாம். கிடைப்பவை '2025 சனிப்பெயர்ச்சி பலன்கள்' என்ற பக்கங்கள். அவை தேடுபவரின் சொல்லிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இணையத் தொழிலில் இருப்பவர்கள் 'கீவேர்ட்' என்று சொல்லும் திறவுச்சொல்லின் விஷயம் இதுதான். நிறுவனம் தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறது என்பதை அதில் தேடினால் கிடைக்காது. தேவையோடு வருபவர் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அதுதான் திறவுச்சொல். திருநள்ளாற்றில் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். மூவர் பாடிய தலம், ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. கோயிலின் முறையான பெயரும் அவர் பெயரில்தான். வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பதோ 'சனீஸ்வரன் கோயில்'. பெயர்ப்பலகையில் முதற்பெயர் மட்டும் இருந்தாலும் பஸ் நடத்துனர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். தேடுபொறிக்கு அந்த உள்ளூர் அறிவை யாராவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். நீங்கள் தேடும் நொடியில் அது உலகத்துப் பக்கங்களை எல்லாம் புரட்டுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. கனமான புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே ஏற்பாடு. பக்கத்திலிருந்து சொல்லுக்குப் போகாமல் சொல்லிலிருந்து பக்கத்துக்குப் போவதால் இதைத் தலைகீழ் அட்டவணை என்கிறார்கள். 'திருநள்ளாறு' என்று தட்டினால் அந்தச் சொல்லுக்கு எதிரே உள்ள பட்டியலும், 'சனிப்பெயர்ச்சி' என்பதற்கு எதிரே உள்ள பட்டியலும் எடுக்கப்பட்டு இரண்டிலும் இருக்கும் பக்கங்கள் முதலில் பொறுக்கப்படுகின்றன.

பொறுக்கிய பிறகு எதை மேலே வைப்பது? எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். குறைவான ஆவணங்களில் வரும் சொல்லுக்கு அதிக எடை, எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்குக் குறைந்த எடை. கணக்காகவே பார்த்துவிடலாம். நம்மிடம் கோயில்களைப் பற்றிய 1,000 பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'கோயில்' என்ற சொல் 800 பக்கங்களில் இருக்கிறது, 'திருநள்ளாறு' 10 பக்கங்களில்தான். 1,000ஐ 800ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் சுமார் 0.1. 1,000ஐ 10ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 2. ஆக, 'கோயில்' என்பதைவிட 'திருநள்ளாறு' 20 மடங்கு எடை பெறுகிறது. இன்றைய தேடுபொறிகள் இதற்கு மேல் எவ்வளவோ அடுக்கு கட்டியிருக்கின்றன. 1998இல் செர்கெய் பிரின், லாரி பேஜ் இருவரும் எழுதிய கட்டுரை, ஒரு பக்கத்துக்கு வேறு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் மதிப்பாக எடுத்துக்கொண்டது. ஆனால் அரிய சொல்லுக்கே எடை அதிகம் என்ற அடித்தளம் ஆடவில்லை.

சிறிய ஊர்களுக்கு இது மிகப் பெரிய வாய்ப்பு என்பது என் எண்ணம். 'தங்கும் விடுதி' என்ற சொல்லுக்கு நாடெங்கும் போட்டி. திருநள்ளாற்றின் தீர்த்தத்தைச் சேர்த்து 'நளன் குளம் அருகே தங்கும் விடுதி' என்று சொன்னால் அந்தப் போட்டி கிடையாது. தேடுபவர் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் தேடி வருபவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருபவர். இப்படி நீண்ட, குறிப்பான தொடர்கள் ஒவ்வொன்றும் அரிதாகத்தான் தேடப்படுகின்றன, சேர்த்துப் பார்த்தால் தேடலில் அவற்றின் பங்கு கணிசமானது. நாள்தோறும் தன்னிடம் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்குமுன் வந்திராதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கு வரும்போது சிக்கல் கூடுகிறது, அந்தச் சிக்கலை அருகில் வைத்துப் பார்க்க 'திருநள்ளாறு' என்ற சொல்லைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. வேற்றுமை ஏறும்போது அது 'திருநள்ளாற்றில்' ஆகிறது. 'திருநள்ளாற்றுக்கு', 'திருநள்ளாற்றிலிருந்து'. நமக்கு இது கண் இமைக்கும் நேரம்கூடத் தேவைப்படாத மாற்றம். கணினியில் 'திருநள்ளாறு' என்பது றகரத்துக்குப் பின் உகரக் குறியோடு முடியும் குறியீட்டு வரிசை. 'திருநள்ளாற்றில்' என்பதில் றகரத்துக்குப் பின் புள்ளி, பிறகு இன்னொரு றகரம், இகரக் குறி, லகரம், புள்ளி. முன்னது பின்னதற்குள் எங்குமே முழுதாக இல்லை. 'குளம்' என்பது 'குளத்தில்' ஆவதும் அப்படியே. மகரம் காணாமல் போய்த் தகரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. திருநள்ளாறு இருக்கும் மாவட்டமான 'காரைக்கால்' கொஞ்சம் பரவாயில்லை. 'காரைக்காலில்', 'காரைக்காலுக்கு' என்று எங்கு போனாலும் லகரம் வரை மாறாமல் இருக்கும்.

ஆங்கிலத்துக்கு இந்த வால்களை வெட்டி வேர்ச்சொல்லை எடுக்கும் நிரலை மார்ட்டின் போர்ட்டர் 1980லேயே வெளியிட்டுவிட்டார். தமிழுக்கும் அப்படிப்பட்ட திறந்தமூல நிரல்கள் இருக்கின்றன. ஆனால் தமிழில் ஒரு வினைச்சொல்லின் பின்னால் காலம், எண், இடம், பால், எதிர்மறை, ஐயம், உம்மை என்று எத்தனை ஒட்டிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும். பெரிய தேடுபொறிகள் இதில் ஓரளவு தேறிவிட்டன. ஒரு அரசுத் தளத்துக்குள்ளேயோ நூலகப் பட்டியலுக்குள்ளேயோ இருக்கும் சிறிய தேடுபெட்டியில் இன்னும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வேலைதான் நடக்கிறது. ஆகவே எழுதுபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தலைப்பிலும் முதல் பத்தியிலும் ஊர்ப்பெயரை ஒருமுறையாவது வேற்றுமை ஏறாத வடிவில் வைத்துவிட வேண்டும். 'திருநள்ளாறு: கோயில் நடை திறக்கும் நேரம்' என்ற தலைப்பு நடையழகில் கொஞ்சம் குறைவுதான். கண்டுபிடிக்கப்படுவதில் அது 'திருநள்ளாற்றுக் கோயிலின் நடைதிறப்பு' என்பதைவிட மேல்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இன்னொன்று. 'சனீஸ்வரர்' என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ரகரத்தின் மேல் புள்ளி. பலரும், சில செய்தித் தளங்கள் உட்பட, ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைக்கிறார்கள்: 'சனீஸ்வரா்'. அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். யூனிகோடில் ரகரம் வேறு, துணைக்கால் வேறு. இயந்திரத்தின் கணக்கில் இவை இரண்டு வேறு சொற்கள். 'கொ' என்ற எழுத்தைத் தட்டும்போது ஒற்றைக்கொம்புக்கு முன்னால் துணைக்காலைப் போட்டுவிடுவதும் இதே வகைத் தவறு. பழைய பக்கங்களைத் திருத்தும் வேலை யாருக்காவது வாய்த்தால், முதலில் தேடித் திருத்த வேண்டியது இந்த இரண்டையும்தான்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களின் கதை இதைவிடக் கொடுமை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்தவை. பாமினியில் 'காரைக்கால்' என்று தட்டினால் கோப்புக்குள் பதிவாவது எஃப், எச், ஐ, யு, எஃப், அரைப்புள்ளி, எஃப், எச், ஒய், அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் கணினியில் அது காரைக்கால். தேடுபொறிக்கு அது பொருளற்ற பத்துக் குறிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத் தரம் பேசப்பட்டது. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான மலர்கள், தலவரலாறுகள், சங்க அறிக்கைகள் இன்றும் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடக்கின்றன. எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டு எடுத்தால் சில நிமிட வேலை. அதைச் செய்யாதவரை அவை இணையத்தில் இருந்தும் இல்லாதவையே.

மக்கள் தட்டுவது தமிழ் எழுத்தில் மட்டும் இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நிறையப் பேர். திருநள்ளாறு என்பதை 'டி'க்குப் பின் 'எச்' போட்டும் போடாமலும், கடைசியில் 'யு' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதலாம். காரைக்காலில் ஒரு 'கே'யா, இரண்டா என்பதும் அப்படியே. 2017இல் கூகுள் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. அதன்பின் வாயால் தேடுவதும் கூடியது. வாயால் தேடும்போது 'திருநள்ளாறு கோயில் எப்ப தொறப்பாங்க' என்று முழுக் கேள்வியே வருகிறது. 'நடைதிறப்பு நேரம்' என்ற சொற்றொடர் ஒலிப்பதே இல்லை.

இதோடு காரைக்காலுக்கு மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் ஒரே ககரத்தோடு 'கரிகல்' என்று எழுதினார்கள். நிர்வாகம் 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நிலங்களின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். அங்கே ஊரின் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில்தான். கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேடும் பேரன் இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டிலேயே தட்டிக்கொண்டிருந்தால் வாசல் வரை போய்த் திரும்பிவிட நேரும். குடும்ப வரலாறு பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதுபவர் இந்த மூன்று எழுத்துக்கூட்டையும் ஒரே பத்தியில் வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் பாலம் போட்ட மாதிரி.

காரைக்காலின் இருப்பிடமே ஒரு தேடல் சிக்கல்தான். நாலு பக்கமும் பார்த்தால் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். மொழி ஒன்று, சந்தை ஒன்று, மழை ஒன்று. அரசு மட்டும் வேறு, புதுச்சேரி. வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நவம்பர் இரவில் பெற்றோர் தேடுவது 'நாளை பள்ளி விடுமுறை எந்தெந்த மாவட்டம்'. வரும் பட்டியல்களில் நாகப்பட்டினம் இருக்கும், மயிலாடுதுறை இருக்கும், திருவாரூர் இருக்கும். தமிழ்நாட்டு மாவட்டங்களின் பட்டியலாதலால் காரைக்கால் விட்டுப்போகும். பட்டியலில் இல்லை என்பதற்கு விடுமுறை இல்லை என்று அர்த்தமில்லை. காரைக்காலுக்கு அறிவிப்பது புதுவை நிர்வாகம், அது வேறு இடத்தில் வருகிறது. நிலப் பதிவுக்கு வருவோம். 'பட்டா ஆன்லைன்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது தமிழ்நாட்டின் சேவை. காரைக்கால்காரருக்கு வேண்டியது புதுச்சேரியின் 'நிலமகள்'. அந்தப் பெயர் தெரிந்தவர் நேராகப் போய்விடுவார். தெரியாதவர், தமிழ்நாட்டுத் தளத்தில் மாவட்டம் தேர்வு செய்யும் இடத்தில் காரைக்காலைத் தேடிக்கொண்டிருப்பார். 'காரைக்கால் பட்டா', 'புதுச்சேரி பட்டா', 'நிலமகள்' மூன்றையும் ஒரே பக்கத்தில் தெளிவாகச் சொல்லும் நாலு வரி எத்தனை பேருக்கு அலைச்சலைக் குறைக்கும்!

கல்வி நிறுவனங்களிலும் இதே கதை. 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பெயரில் 'புதுச்சேரி' இருக்கிறது. வளாகம் இருப்பதோ காரைக்காலில், திருவேட்டக்குடியில். புதுச்சேரி நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். பிள்ளையைச் சேர்க்க வெளிமாநிலத்திலிருந்து வரும் பெற்றோர் 'என்ஐடி புதுச்சேரி அருகில் அறை' என்று தேடுவார்கள். காரைக்காலில் விடுதி நடத்துபவர் தன் பக்கத்தில் 'காரைக்கால்' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்களுக்குத் தெரியமாட்டார். 'என்ஐடி புதுச்சேரி வளாகம் காரைக்காலில்தான் உள்ளது, எங்கள் விடுதியிலிருந்து ஆட்டோவில் போகலாம்' என்ற ஒரே வாக்கியம் இரண்டு பெயர்களையும் உண்மையாகவே இணைத்துவிடுகிறது.

சரி, தேடுபவரின் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவிகள் உண்டு. தளம் நடத்துபவருக்கு கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில், என்ன சொல்லைத் தட்டியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பது 16 மாதத்துக்குக் கிடைக்கும். நிறையப் பேருக்குக் காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத சொற்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே தேவை இருக்கிறது, நம் பதில் சரியாக இல்லை என்று அர்த்தம். கூகுள் ட்ரெண்ட்ஸ் தேடலின் அளவை 0 முதல் 100 வரை ஒப்பீடாகக் காட்டும். உச்சம் தொட்ட வாரம் 100. இது ஆள்கணக்கு இல்லை என்பதை மறந்து அறிக்கை எழுதுபவர்கள் உண்டு. தேடுபெட்டியில் பாதி தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகளும் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவையே.

ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு லட்சம் பேரே உள்ள மாவட்டத்துக்கு இந்தக் கருவிகள் பல நேரம் வெறும் கோட்டைத்தான் காட்டும். அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி சர்ச் கன்சோலே மறைத்துவிடுகிறது. கருவியில் பூஜ்யம் என்றால் தேவை பூஜ்யம் என்று முடிவு கட்டுவது தவறு. அந்த இடத்தில் காதுதான் கருவி. கோயில் விசாரணைக் கவுண்டரில், பஸ் நிலையத்தில், தாலுகா அலுவலகத்தில் ஒரு வாரம் ஒரு நோட்டுப்புத்தகத்தை வைத்து, வருபவர் கேட்ட கேள்வியைக் கேட்டபடியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். 'எள் தீபம் எங்க ஏத்தறது', 'குளத்துல குளிச்சுட்டு துணிய விடணுமா', 'இங்கேருந்து நாகூர் எவ்வளவு தூரம்', 'பரிகாரத்துக்கு முன்பதிவு பண்ணணுமா'. திருத்தாமல் எழுத வேண்டும், அதிலேதான் மதிப்பு. இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு துணைத்தலைப்பு. அதன் கீழே இரண்டு வரியில் நேரான பதில் இருந்தால் போதும்.

ஆண்ட்ரே ப்ரோடர் 2002இல் தேடல்களை நோக்கத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார். ஓரிடத்துக்குப் போக வேண்டும், ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு காரியத்தை முடிக்க வேண்டும். 'திருநள்ளாறு கோயில் இணையதளம்' முதல் வகை, 'நளன் கதை' இரண்டாவது, 'திருநள்ளாறு அர்ச்சனை முன்பதிவு' மூன்றாவது. முன்பதிவுக்கு வந்தவரிடம் தலபுராணத்தைப் பத்துப் பத்தி படிக்கவைத்தால் அவர் திரும்பிப் போய்விடுவார்.

கிடைத்த சொற்களை எங்கே வைப்பது என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. பக்கத் தலைப்பு, முதல் வாக்கியம், துணைத்தலைப்புகள், படங்களுக்கான விளக்க வரி, பிறர் தரும் இணைப்பில் உள்ள சொற்கள். பக்கத்தின் மறைகுறிப்பில் திறவுச்சொற்களை அடுக்கிவைக்கும் பழக்கம் தொண்ணூறுகளில் பயன்பட்டது. அதைத் தான் கணக்கில் எடுப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்றும் அதற்குக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். ஒரே சொல்லை ஐம்பது முறை திணிப்பது இடத்தை உயர்த்தாது, தண்டனையாகக் கீழேதான் இறக்கும். 2011இல் வந்த பாண்டா என்ற மாற்றத்திலிருந்து சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளும் வேலை தொடர்ந்து நடக்கிறது. 2019இல் பெர்ட் என்ற மொழி மாதிரி வந்தது, அந்த ஆண்டு டிசம்பரிலேயே தமிழ் உள்ளிட்ட 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. ஒரு சொல்லை அதன் அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் முறை அது.

இயந்திரம் பொருளையே புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டதே, இனி திறவுச்சொல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்கலாம். அங்கே ஒரு கேள்விக்கு ஆயிரம் பக்கங்கள் பதில் சொல்கின்றன, ஒன்று சொல்லை விட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். தமிழில், அதுவும் காரைக்காலைப் பற்றிய ஒரு கேள்விக்கு, பதில் சொல்லும் பக்கம் ஒன்றே ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுதப்படாததை எந்த மாதிரியாலும் புரிந்துகொள்ள முடியாது. தேடல் முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கமும் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துத்தான் பேசுகிறது.

மக்கள் தேடும் சொல்லுக்கு நல்ல பதில் இல்லாத இந்த நிலைக்கு மைக்கேல் கோலெபியெவ்ஸ்கி 2018இல் தரவு வெற்றிடம் என்று பெயரிட்டார். அவரும் டானா பாய்டும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். வெற்றிடம் காலியாகவே இருப்பதில்லை, யாரோ வந்து நிரப்பிவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் காட்டிய ஆபத்து. திருநள்ளாறு இதற்கு நேரடிச் சான்று. 'திருநள்ளாறு' என்ற சொல்லோடு 'நாசா' என்ற சொல் பல ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டு திரிகிறது. கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன என்ற கதை. தாழ்வட்டப் பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மூன்று விநாடியில் 22 கிலோமீட்டர், அதாவது திருநள்ளாற்றைத் தாண்டியே போயிருக்கும். அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் விழும். ஓரிடத்துக்கு மேலேயே நிற்பதுபோலத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 36,000 கிலோமீட்டரில் இருக்கின்றன. காரைக்கால் ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கிறது. இந்த விளக்கத்தில் 'திருநள்ளாறு', 'நாசா', 'செயற்கைக்கோள்', 'மூன்று விநாடி' என்ற நான்கு சொற்களும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'செயற்கைக்கோள் இயக்கவியல்' என்ற தலைப்பில் எவ்வளவு நல்ல கட்டுரை எழுதினாலும், வதந்தியைக் கேட்டுவிட்டுத் தேடுபவர் கையில் அது போய்ச் சேராது. மறுப்பு எழுதும் அறிவியல் எழுத்தாளர்கள் வதந்தியின் சொற்களையே எடுத்தாள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பணம் சம்பந்தப்பட்டால் வெற்றிடம் இன்னும் வேகமாக நிரம்புகிறது. 2025இல், திருநள்ளாறு கோயிலின் பெயரில் போலி இணையதளம் நடத்தி, பூஜை செய்வதாகச் சொல்லி வெளியூர்ப் பக்தர்களிடம் பணம் வசூலித்ததாகக் காரைக்கால் காவல்துறை வழக்குப் பதிந்து சம்பந்தப்பட்டவர்களைக் கைது செய்தது. நேரில் வரமுடியாத வயதானவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் முன்பதிவை இணையத்தில்தான் தேடுகிறார்கள். தேடுபவர்களின் சொல்லைப் படித்து அதற்கேற்பப் பக்கம் அமைக்கும் திறமை ஏமாற்றுபவரிடமும் இருக்கும். காவல்துறை ஒரு தளத்தை மூடலாம். அந்தச் சொற்களுக்கு உண்மையான பக்கம் முதலில் வந்து நின்றால்தான் அடுத்த தளத்துக்கு ஆள் போகாது.

அதற்கான வேலை பெயர்ச்சிக்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் பலன் தராது. புதிய பக்கத்தைத் தேடுபொறி படித்து, பட்டியலில் சேர்த்து, பிற தளங்கள் இணைப்புக் கொடுத்து அது மேலே வர மாதங்கள் ஆகும். ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் புது முகவரியில் புதுப் பக்கம் திறப்பதும் நல்ல வழி இல்லை. 2023 டிசம்பர் 20ஆம் தேதிப் பெயர்ச்சிக்காக ஒரு பக்கம் இருந்து, அதற்குச் செய்தித்தாள்களும் பயண நிறுவனங்களும் இணைப்புக் கொடுத்திருந்தால், அந்த மதிப்பு அந்த முகவரியோடுதான் இருக்கும். 'திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி' என்று நிரந்தரமாக ஒரே முகவரி வைத்துக்கொண்டு, உள்ளே தேதி, வாக்கியமா திருக்கணிதமா என்ற விளக்கம், சிறப்புப் பேருந்து, முன்பதிவு, கட்டணம் ஆகியவற்றை மட்டும் மாற்ற வேண்டும். பெயர்ச்சி இல்லாத ஆண்டிலும் அந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும். முதல் வரியில் அந்த ஆண்டின் எண்ணைப் போட்டு 'இந்த ஆண்டு இல்லை' என்று எழுதி.